கர்ணம் முதல் கிராம நிர்வாக அலுவலர் வரை: கடலூர் வட்டாரத்தில் ஊர்ப் பணியாளரின் திறனும் ஊக்கமும்

கர்ணம் என்பவர் ஊரின் நிலக் கணக்கையும் வரிக் கணக்கையும் எழுதி வைத்த பரம்பரைக் கணக்கர். இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்கள் அடங்கிய பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டின் பிற பகுதிகளைப் போலவே, 1980 நவம்பர் வரை இந்தப் பதவி இருந்தது. அதன்பின் அந்த இடத்துக்குத் தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். ஒரு பணியாளரின் திறனும் ஊக்கமும் அவர் செய்யும் வேலையை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதை விளக்க, நம் ஊர்களில் இதைவிடப் பொருத்தமான வரலாறு வேறில்லை. ஒரே வேலை, ஒரே பதிவேடு, ஒரே ஊர். செய்தவர் மட்டும் மாறினார்.

சட்டப்படி கிராம நிர்வாக அலுவலர் வருவாய்த் துறையைச் சேர்ந்தவர். ஊராட்சிச் செயலர் ஊரக வளர்ச்சித் துறையைச் சேர்ந்தவர். நகராட்சி ஊழியர்களின் துறை வேறு. மாணவர்கள் தேர்வில் இந்தப் பாகுபாட்டைத் தவறாமல் எழுத வேண்டும். ஆனால் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் தெருக்குழாய்க்கும் அலைகிற ஊர்க்காரருக்கு எல்லாம் ஒன்றுதான். அவருக்கு அரசாங்கம் என்பது அந்த மேசைக்குப் பின்னால் இருக்கும் ஆள். இக்கட்டுரையும் அந்தப் பார்வையிலேயே செல்கிறது.

நிர்வாகவியல் படிப்பவர்கள் விக்டர் வ்ரூம் என்ற உளவியலாளரின் பெயரை அறிந்திருப்பார்கள். 1964-இல் வெளியான தம் நூலில் அவர், ஒருவரின் செயல்திறன் என்பது அவருடைய திறமையும் ஊக்கமும் கூட்டிய தொகை அல்ல, இரண்டையும் பெருக்கிய தொகை என்ற கருத்தை முன்வைத்தார். கூட்டலில் ஒன்று சுழியானாலும் மற்றது மிஞ்சும். பெருக்கலில் ஒன்று சுழியானால் எல்லாமே சுழி. இந்தக் கணக்கில் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஊக்கத்துக்குத் திசையும் உண்டு. அது யாரை நோக்கி இருக்கிறது என்பதைக் கேட்காமல் ஊர்க் கணக்கரின் வரலாற்றைப் புரிந்துகொள்ள முடியாது.

சபையும் கணக்கும்

உள்ளாட்சி என்றதும் பாடநூல்கள் உத்தரமேரூரைக் காட்டும். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அந்தக் கல்வெட்டுகளில் குடவோலை முறையை மட்டும் படித்துவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். வாரிய உறுப்பினருக்கு அதில் விதிக்கப்பட்ட தகுதிகள்தாம் நம் பொருளுக்கு முக்கியம். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதப் பயிற்சி வேண்டும். அண்மை மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக்கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் வரக்கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வரக்கூடாது.

இவற்றில் பாதி திறனைச் சோதிப்பவை, பாதி ஊக்கத்தைக் கட்டுப்படுத்துபவை. ஊரில் நிலமும் வீடும் உள்ளவனுக்கு ஊர் கெடக்கூடாது என்ற அக்கறை இருக்கும் என்று எண்ணினார்கள். பதவியிலேயே ஒட்டிக்கொண்டால் அக்கறை சுயநலமாகிவிடும் என்றும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நிலமில்லாதவர்க்கும் பெண்களுக்கும் பிற சாதியினர்க்கும் அங்கே இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குடவோலையை இன்றைய தேர்தலுக்கு நிகராகப் புகழ்வது வகுப்பறையில் எளிது, வரலாற்றில் பொருந்தாது.

நம் மாவட்டத்திலும் அத்தகைய சபை இருந்தது. இன்றைய காட்டுமன்னார்கோயில்தான் அன்றைய வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். அங்குள்ள உடையார்குடிக் கோயிலில், ஆதித்த கரிகாலனின் கொலையில் தொடர்புடையவர்களின் சொத்துகள் பற்றிய முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு இருக்கிறது. கொலை மர்மத்துக்காக அதைப் பேசுபவர்கள் பலர். அரசனின் ஆணை அந்த ஊர்ச் சபையாருக்கு எழுதப்பட்டிருக்கிறது என்பது எனக்கு அதைவிடச் சுவையான செய்தி. யாருடைய நிலம் எங்கே, எவ்வளவு என்பது சபைக்குத்தான் தெரியும். பேரரசனே ஆனாலும் ஊர்க் கணக்கு இல்லாமல் ஒரு காணியைக்கூடத் தொட முடியாது.

கர்ணத்தின் கல்வி

ஊர்க் கணக்கரின் திறன் எளிதில் வருவதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி மனப்பாடம் ஆக வேண்டும். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. அரைக்காணி நூற்றறுபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, மா இருபதில் ஒன்று. இந்தப் பின்னங்களை ஒன்றோடொன்று பெருக்கிச் சொல்லப் பழகியவன்தான் கோணல்மாணலான வயலின் பரப்பைக் குழிக் கணக்கில் சொல்ல முடியும். காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்கள் இதற்காகவே எழுந்தவை. கணக்குப் பாடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: முந்நூற்றிருபதைப் பகுதியாகக் கொண்ட பின்னத்தை இன்று எட்டாம் வகுப்பு மாணவரிடம் கொடுத்தால் அவர் என்னைத்தான் முறைப்பார்.

மிச்சக் கல்வி வீட்டில் நடந்தது. தகப்பனார் வயலுக்குப் போகும்போது மகன் ஓலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு கூடப் போவான். எந்த வாய்க்கால் எந்த மடையில் பிரிகிறது, எந்த வரப்பு போன வெள்ளத்தில் நகர்ந்தது, யார் வீட்டில் பாகப்பிரிவினை நடந்தும் பட்டா மாறவில்லை என்பதெல்லாம் அப்படித்தான் தலையில் ஏறும். இந்த அறிவை எந்தத் தேர்விலும் கேட்க முடியாது. இது கர்ணத்தின் பலம். இதுவே அவர் கையில் இருந்த ஆயுதமும் ஆகும். ஊரில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், அவர் எழுதுவதுதான் உண்மை.

அன்றைய கூலி மானிய நிலமாகவும், அறுவடையில் களத்துமேட்டில் அளந்து கொடுக்கும் மேரையாகவும் வந்தது. விளைச்சல் பெருகினால் கணக்கருக்கும் பங்கு பெருகும். தலையாரி, வெட்டியான், நீர் பாய்ச்சும் நீர்கண்டி ஆகியோருக்கும் இப்படியே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவை படிப்படியாக ரொக்கச் சம்பளமாக மாறின. களத்திலிருந்து கிடைத்த கூலி கருவூலத்திலிருந்து கிடைக்கத் தொடங்கியபோது, ஊருக்கும் கணக்கருக்கும் இடையில் இருந்த ஒரு கயிறு அறுந்தது.

கம்பெனி ஆட்சியும் தண்டலும்

கடலூருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி வந்தது 1690-இல். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து வாங்கி, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களையும் சேர்த்துப் பெற்றுக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரில் அந்தக் கதை இன்றும் இருக்கிறது. குண்டு சுட்டு எல்லை போட்டவர்களுக்கு, எல்லைக்குள் என்ன விளைகிறது என்று சொல்ல உள்ளூர்க் கணக்கப்பிள்ளைகள் தேவைப்பட்டார்கள்.

1801-இல் கர்நாடகம் முழுவதும் கம்பெனியின் கைக்கு வந்தபின், சில முயற்சிகளுக்குப் பிறகு ரயத்துவாரி முறை நிலைத்தது. அரசுக்கும் உழவருக்கும் நடுவில் ஜமீன்தார் இல்லை என்பது அதன் பெருமை. நடுவில் கர்ணம் இருந்தார் என்பதை அதிகம் பேசுவதில்லை. ஒவ்வொரு வயலும் இந்த ஆண்டு நஞ்சையா தரிசா, சாவியா விளைச்சலா என்று அவர் எழுதிய அடங்கலைக் கொண்டுதான் ஜமாபந்தியில் வரி முடிவாகும். 1816-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் கிராம முன்சீபுக்குச் சிறு வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரத்தையும் தந்தன. கர்ணம் எழுத, முன்சீப் தண்டல் செய்ய, தலையாரி கூட நிற்க, ஊர் நிர்வாகம் நடந்தது.

இதன் கறுப்புப் பக்கம் 1855-இல் வெளியே வந்தது. சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கச் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரிக்க எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் குழு அமைக்கப்பட்டது. நடக்கிறது என்று அவர்கள் அறிக்கை தந்தார்கள். விரலைக் கிட்டியில் வைத்து நெரிப்பது, ஆளைக் குனியவைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது முதலியவை அதில் பதிவாயின. அடிநிலைச் சிப்பந்திகளின் சம்பளமோ சொற்பம், மேலிடத்திலிருந்து வந்த நெருக்கடியோ பெரிது. வசூல் தொகையைத் தவிர வேறு எதையும் அளக்காத நிர்வாகம், வசூல் தொகையை மட்டுமே தரும் பணியாளரைத்தான் உருவாக்கும். உற்பத்தித்திறன் என்ற சொல்லை விரும்பிப் பயன்படுத்துவோர் இந்த அறிக்கையை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. அளவுகோலின்படி அந்தச் சிப்பந்திகள் மிகவும் திறமையான ஊழியர்கள்.

கடலூர் நகராட்சி 1866-இலும் சிதம்பரம் நகராட்சி 1873-இலும் ஏற்பட்டன. 1882-இல் ரிப்பன் பிரபுவின் தீர்மானமும் 1884-ஆம் ஆண்டுச் சட்டங்களும் தொடர்ந்தன. நகரங்களில் சம்பளம் பெறும் எழுத்தர்கள், துப்புரவு மேற்பார்வையாளர்கள் என்று புதிய வர்க்கம் தோன்றியது. ஊர்ப்புறத்தில் மாற்றமில்லை. மாறாக, 1895-ஆம் ஆண்டுச் சென்னைப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் பரம்பரை உரிமைக்குச் சட்ட வடிவம் தந்தது. வாரிசுக்கு ஓரளவு கல்வித் தகுதி கேட்கப்பட்டது உண்மைதான். முதல் தகுதி பிறப்புதான்.

சம்பளம் குறைவு, மதிப்பு அதிகம்

1959-இல் அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவருடைய கூட்டாளிகளும் பிட்ஸ்பர்க் நகரத்துப் பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு ஒரு நூலை வெளியிட்டார்கள். சம்பளம், பணிச்சூழல், மேற்பார்வை ஆகியவை குறைந்தால் மனக்குறை வரும், ஆனால் அவை நிறைந்துவிட்டால் மட்டும் ஊக்கம் வந்துவிடாது என்றார்கள். சாதித்த நிறைவு, பிறர் மதிப்பு, பொறுப்பு இவைதாம் ஊக்கம் தருபவை என்றும் சொன்னார்கள். நம் கர்ணம் இதற்குக் கச்சிதமான சான்று. இருபதாம் நூற்றாண்டில் அவருக்குக் கிடைத்த ரொக்கம் ஒரு குடும்பம் நடத்தப் போதாது. பகுதிநேர வேலை என்றே அரசு அதைக் கருதியது. ஆனாலும் அந்தப் பதவிக்காக அண்ணன் தம்பிகள் நீதிமன்றம் ஏறினார்கள். கல்யாண வீட்டில் முதல் தாம்பூலம், திருவிழாவில் முதல் மரியாதை, பஞ்சாயத்தில் நடு நாற்காலி. தாசில்தார் ஊருக்கு வந்தால் இறங்குவது அவர் வீட்டில்தான்.

ஆகவே கர்ணத்துக்குத் திறனும் இருந்தது, ஊக்கமும் இருந்தது. வ்ரூம் கணக்குப்படி பெருக்கல் தொகை மிகப் பெரியது. யாருக்கு என்பதுதான் கேள்வி. கர்ணம் பெரும்பாலும் நிலமுள்ள குடும்பத்தவர். அவருடைய உறவினரும் நண்பரும் நிலக்காரர்கள். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து நஞ்சையில் உழுதவர்களில் பலர் குத்தகைதாரர்கள். 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவர்களை நினைத்தபோது வெளியேற்ற முடியாதபடி செய்தது. ஆனால் ‘நான் குத்தகைதாரன்’ என்று நிரூபிக்க ஒரு துண்டுக் காகிதம் வேண்டுமே? அடங்கலில் சாகுபடி செய்பவர் என்ற கட்டத்தில் பெயர் இருந்தால்தான் சட்டம் பேசும். அந்தக் கட்டத்தில் நிலக்காரர் பெயரையே ஆண்டுதோறும் எழுதிவந்தால், முப்பது வருடம் உழுதவரும் காகிதத்தில் இல்லாத மனிதர். இதற்காகவே 1969-இல் குத்தகை உரிமையைப் பதிவுசெய்யத் தனிச்சட்டம் போட வேண்டியதாயிற்று. ஓர் ஊழியரின் ‘திறமையான’ கையெழுத்து எத்தனை குடும்பங்களின் சோற்றைத் தீர்மானித்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

எல்லாக் கர்ணங்களும் அப்படி இல்லை. நேர்மையாக எழுதி, நிலக்காரர் பகையைச் சம்பாதித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் ஓர் அமைப்பு, ஒருவரின் நல்ல குணத்தை மட்டும் நம்பி இருந்தால் அதை அமைப்பு என்று சொல்ல முடியாது.

1980 நவம்பர் 14

பரம்பரைப் பதவிக்கு முதல் அடி ஆந்திரத்திலிருந்து வந்தது. கஜுல தசரத ராமராவ் வழக்கில் 1960 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஊர்ப் பதவியைக் குடும்ப வாரிசு என்பதற்காக ஒருவருக்குத் தருவது அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவுக்கு முரணானது என்றது. தமிழ்நாட்டில் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரை உரிமையை ஒழித்தது. 1970-இல் புதிய விதிகள் வந்தன. நடைமுறையில் பழைய ஆள்களே பலவிடங்களில் தொடர்ந்தார்கள். இறுதியில் எம்.ஜி.ஆர். அரசு பிறப்பித்த அவசரச் சட்டத்தால் 1980 நவம்பர் 14 முதல் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் அனைத்தும் ஒரே நாளில் ஒழிந்தன. மாநிலம் முழுவதும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பதவி இழந்தார்கள். 1981-இல் அது சட்டமானது. கே. இராசேந்திரன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது.

அப்போது நான் மாணவன். தீபாவளி முடிந்த வாரம் என்று நினைவு. ஊரில் இரண்டு விதமான முகங்களைப் பார்த்தேன். சில தெருக்களில் இழவு விழுந்தாற்போல் இருந்தது. சில தெருக்களில் யாரும் சிரிக்கவில்லை, ஆனால் யாரும் வருந்தவும் இல்லை.

அடுத்து வந்தவர்கள் எஸ்.எஸ்.எல்.சி. படித்து, தேர்ந்தெடுக்கப்பட்டு, முழுநேரச் சம்பளம் வாங்கியவர்கள். இட ஒதுக்கீட்டின்படி பிற்படுத்தப்பட்டோரும் தாழ்த்தப்பட்டோரும், கொஞ்சம் பின்னர்ப் பெண்களும் ஊர்க் கணக்குப் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தார்கள். ஒரு காலத்தில் எந்த வீட்டுத் திண்ணையில் ஏற முடியாதோ, அந்த வீட்டுக்காரர் இப்போது சான்றுக்காக வந்து நின்றார். தமிழ்நாட்டு ஊர்ப்புற வரலாற்றில் இது சிறிய மாற்றம் அல்ல. நிர்வாகத் திறன் பற்றிய எந்தக் குறையும் இந்த லாபத்தைக் குறைத்துவிடாது என்பது என் உறுதியான கருத்து.

குறை இருந்தது என்பதும் உண்மை. பசலி ஆண்டோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1390, அதாவது 1980 ஜூலை முதல் 1981 ஜூன் வரையிலான ஆண்டு, கணக்கு நடுவழியில் கைமாறிய ஆண்டு. பதிவேடுகள் பெரும்பாலும் கர்ணத்தின் வீட்டில் இருந்தவை. புத்தகங்கள் கைமாறின, தலையில் இருந்தது கைமாறவில்லை. அதே சமயம் 1979-இல் தொடங்கிய நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. மக்கள் வாயில் அது யு.டி.ஆர். என்று வழங்கும். 1987 வரை நடந்த அந்தத் திட்டத்தில்தான் இன்றைய பட்டாக்களுக்கு அடிப்படையான பதிவுகள் உருவாயின. எந்த நேரத்தில் ஊரின் நினைவு அதிகம் தேவைப்பட்டதோ, அந்த நேரத்தில் ஊரின் நினைவை வைத்திருந்தவர் வெளியே நின்றார். யு.டி.ஆர். பிழைக்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றில் இதுவும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். உழுபவர் ஒருவர், பட்டாவில் வேறொருவர் என்று நாற்பது ஆண்டு கழித்தும் மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனுவோடு நிற்பவர்களை இன்றும் பார்க்கலாம். கெட்டுப்போன கணக்கன் பழைய கணக்கைப் புரட்டினான் என்று பழமொழி கேலி செய்யும். இங்கே புரட்டப் பழைய கணக்கு கிடைத்தவர் பாக்கியசாலி.

தேர்வு தராத திறன்

புதிய அலுவலருக்கு நில அளவைப் பயிற்சியும் கணக்குப் பயிற்சியும் உண்டு. துறைத் தேர்வுகள் உண்டு. தன்பதிவேட்டில் தபாலைப் பதிவது, கோப்பை முடித்து வைப்பது எல்லாம் பழகலாம். பட்டப் படிப்பில்லாமல் பணியில் சேர்ந்த பலர், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வியில் சேர்ந்து பட்டம் பெற்றுப் பதவி உயர்ந்தார்கள். சிதம்பரத்துக்காரர்கள் பெருமைப்படத்தக்க பணி அது. 2013-இல் அரசு அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்றபின், மிகுதியாக இருந்த ஊழியர்கள் பல அரசுத் துறைகளுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். ஒருவரின் திறன் வேறு, அவர் உட்கார வைக்கப்பட்ட நாற்காலியின் வேலை வேறு என்றால் என்ன ஆகும் என்பதை அவர்களில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்களை அனுப்புவது வழக்கம். அப்படி ஒருமுறை மாவட்டத்தின் மேற்குப் பகுதி ஊர் ஒன்றுக்குப் போனேன். அங்கே பொறுப்பில் இருந்த அலுவலர் நல்ல படிப்பாளி. மூன்று கிராமங்களுக்குச் சேர்த்துக் கூடுதல் பொறுப்பு. வரைபடம் வைத்திருந்தார். ஆனால் ஏரிக்கரைக்குப் பின்னால் இருந்த பன்னிரண்டு குடிசைகள் வரைபடத்தில் இல்லை. கூட வந்த தலையாரிதான் காட்டினார். “இது எந்தப் பதிவுல இருக்கு?” என்று கேட்டேன். “பதிவுல இல்ல சார், என் தலையில இருக்கு” என்றார். அலுவலர் கோபப்படவில்லை, குறித்துக்கொண்டார். மூன்று ஊர் பார்ப்பவரால் வேறு என்ன செய்ய முடியும்?

1980-இலேயே, கர்ணம் பதவி ஒழிந்த அதே ஆண்டில், அமெரிக்க அரசியல் அறிஞர் மைக்கேல் லிப்ஸ்கி ஒரு நூல் வெளியிட்டார். மக்களை நேரில் சந்திக்கும் கீழ்நிலை அரசு ஊழியர்கள், அதிக வேலைக்கும் குறைந்த வசதிக்கும் நடுவில் தங்களுக்கென்று சில குறுக்குவழிகளை வகுத்துக்கொள்கிறார்கள், மக்களைப் பொறுத்தவரை அந்தக் குறுக்குவழிகளே அரசின் கொள்கை ஆகிவிடுகின்றன என்பது அதன் சாரம். வயலுக்குப் போகாமல் போன வருட அடங்கலைப் பார்த்து இந்த வருட அடங்கலை எழுதுவது அப்படி ஒரு குறுக்குவழி.

பேரிடரில் அது வெளிப்படும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டக் கடற்கரையில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆட்சியராக இருந்தவர் ககன்தீப் சிங் பேடி. மேலிருந்து வழிகாட்டலும் முடிவெடுக்கும் சுதந்திரமும் கிடைத்தால் அதே எழுத்தரும் அதே அலுவலரும் இரவு பகல் பாராமல் உழைப்பார்கள் என்பதை அந்த வாரங்களில் இந்த மாவட்டம் கண்டது. 2015 வெள்ளத்தின்போது அரசு பேடியையே சிறப்பு அலுவலராக மறுபடி கடலூருக்கு அனுப்பியது. இடத்தை அறிந்திருப்பதும் ஒரு திறன் என்பதை அரசு ஒப்புக்கொண்டதாகவே இதைப் பார்க்கிறேன்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வந்தபோது வேறொரு பாடம். பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மரங்களை எண்ணி, பரப்பை எழுதி, பெயரைப் பட்டியலில் சேர்க்க வேண்டியவர் கிராம நிர்வாக அலுவலர். நிவாரணம் பட்டியலைப் பார்த்து வரும். குத்தகைக்கு உழுதவர்களின் கேள்வி மறுபடியும் பழைய இடத்துக்கே வந்து நின்றது: அடங்கலில் யார் பெயர்? கர்ணம் போய் முப்பது ஆண்டு ஆகியிருந்தது. இப்போது அந்தக் கட்டத்தில் நிலக்காரர் பெயர் இருந்தால், பெரும்பாலும் அதற்கு உறவு காரணமல்ல. வயலுக்கு யாரும் போகவில்லை என்பதுதான் காரணம். முன்பு ஊக்கத்தின் திசை தவறு. இப்போது ஊக்கமே வற்றியிருந்தது. குத்தகைதாரருக்கு விளைவு ஒன்றுதான்.

ஊராட்சியின் நாற்காலி

ஊராட்சிப் பக்கம் வந்தால் ஊக்கத்தின் கதை இன்னும் மெலிவு. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்துக்குப் பிறகு 1996 முதல் முறையாகத் தேர்தல்கள் நடந்துவந்தன. 2016-இல் பதவிக்காலம் முடிந்தபின் 2019 டிசம்பர் வரை கடலூர் மாவட்ட ஊராட்சிகள் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தன. 2025 ஜனவரியில் மறுபடி அதே நிலை வந்தது. ஊராட்சிச் செயலர், மேல்நிலைத் தொட்டி இயக்குபவர், தூய்மைக் காவலர் ஆகியோரின் வேலையைத் தினமும் பார்த்துக் கேள்வி கேட்கவோ பாராட்டவோ ஊரில் ஆள் இல்லை. இவர்களுள் தூய்மைக் காவலரின் ஊதியத்தைப் பற்றி எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஊரின் நாற்றத்தைச் சுமப்பவருக்கு ஊர் தரும் தொகை அது.

தலைவர் இருக்கும்போதும் அவர் யார் என்பதைப் பொறுத்து ஊழியரின் ஊக்கம் மாறியதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. 2020 அக்டோபரில், புவனகிரி அருகே தெற்குத்திட்டை ஊராட்சியின் தலைவரான தலித் பெண், மற்ற உறுப்பினர்கள் நாற்காலியில் இருக்க, கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியானது. வழக்குப் பதிவானது. ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். பயிற்சி வகுப்பில் அந்தச் செயலருக்கு நாற்காலி போடக் கற்றுத்தர வேண்டியதில்லை. கூட்டம் நடத்தத் தெரியாத குறையும் அல்ல. ஊழியர் மனத்தில் யாருக்கு உண்மையில் பதில் சொல்ல வேண்டும் என்று எண்ணியிருந்தாரோ, அவர் சட்டம் சொன்ன தலைவர் அல்லர்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தலைப் புகார் செய்த கிராம நிர்வாக அலுவலர் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். திறனும் நேர்மையும் முனைப்பும் ஒருங்கே இருந்தவர். அந்தச் செய்திக்குப் பிறகு ஆற்றங்கரை ஊர்களில் பணியாற்றும் அலுவலர்கள் எதை எழுதுவது, எதைப் பார்க்காததுபோல் இருப்பது என்று யோசித்திருக்க மாட்டார்களா?

இப்போது கணினியில் பட்டா, கைப்பேசியில் சிட்டா. 2018 முதல் கிராம நிர்வாக அலுவலர் தேர்வு தொகுதி நான்கு தேர்வோடு சேர்ந்துவிட்டது. பல இலட்சம் பேர் எழுதுகிறார்கள், பட்டதாரிகளும் முதுகலையினரும் வருகிறார்கள். படிப்பில் குறையே இல்லை. 2024-இல் கைப்பேசிச் செயலியில் பயிர்க் கணக்கெடுப்பு நடத்த அரசு முனைந்தபோது, கூடுதல் பணிச்சுமை, வசதியின்மை என்று கிராம நிர்வாக அலுவலர் சங்கங்கள் மறுத்தன. வேளாண் கல்லூரி மாணவர்களை வயலுக்கு அனுப்பினார்கள், அதற்கும் எதிர்ப்பு எழுந்தது. செயலி வயலின் எல்லையைக் காட்டும். யார் உழுகிறார் என்பதை வரப்பில் நின்று கேட்டால்தான் தெரியும்.

தலையாரி, வெட்டியான் என்ற பழைய பெயர்கள் போய், அவர்கள் இன்று கிராம உதவியாளர்கள். உரிய கல்வித் தகுதியும் பணிக்காலமும் உள்ள கிராம உதவியாளர், கிராம நிர்வாக அலுவலராகப் பதவி உயர்வு பெற விதியில் இடம் இருக்கிறது. ஊரைத் தலையில் வைத்திருப்பவர் பதிவேட்டுக்கும் பொறுப்பாக வர அது ஒரு வழி. எனக்குக் குடிசைகளைக் காட்டிய தலையாரி எட்டாம் வகுப்போடு நின்றவர். அவருக்கு அந்த விதி பொருந்தவில்லை. பணி ஓய்வு வரை அதே ஊரில் அதே வேலையில்தான் இருந்தார். அவர் போனபின் ஏரிக்கரைக்குப் பின்னால் எத்தனை வீடுகள் என்று யாரிடம் கேட்கிறார்களோ தெரியவில்லை.